வெறும் சிட்டு

எங்கள் பிளாக்கில் தண்ணீர் மோட்டார் ஓடி நிற்கிற நேரத்துக்கு அடைக்கலசாமி சார் தன் மனைவியைப் புரட்டிப் படுக்க வைப்பார். இடப்பக்கம் படுத்திருந்தால் மல்லாக்க, மல்லாந்திருந்தால் வலப்பக்கம். முதுகுக்கு அண்டக்கொடுக்க ஒரு தலையணை, முட்டிகளுக்கு நடுவே இன்னொன்று, குதிகால் மெத்தையில் படாமலிருக்கக் கணுக்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டு. பிறகு வெந்நீரில் துணியை முக்கிப் பிழிந்து முதுகைத் துடைப்பார். ஈரம் போனதும் எங்காவது சிவந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பார். ஜூலையிலிருந்து இதைச் செய்கிறார். அந்த முதுகில் இதுவரை ஒரு புண் வரவில்லை.

இந்த வேலையை அவருக்குக் கற்றுக்கொடுத்தது அந்த மனைவி பிலோமியேதான். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து தலை நரைத்தவள். சாரின் அப்பா இதே அறையில் விழுந்து கிடந்தபோது, "ஏங்க, கையால தள்ளாதீங்க, பெட்ஷீட்டப் புடிச்சு இழுத்துப் பொரட்டுங்க, உங்க இடுப்பும் தப்பிக்கும் அவரு தோலும் தப்பிக்கும்" என்று பழக்கிவிட்டாள். இப்போது அதே கட்டிலில் அவள் கிடக்கிறாள். அவர் பெட்ஷீட்டைப் பிடித்து இழுக்கிறார்.

நான் எதிர் ஃப்ளாட் ஹம்சா. டெல்லி முனிர்க்காவில் டி.டி.ஏ. ஃப்ளாட்டுகளில் முதல் மாடி. எங்கள் இரண்டு கதவுகளுக்கும் நடுவில் ஒரு செருப்பு ஸ்டாண்டு அகலம்தான் இடைவெளி. அரசாங்கக் கணக்கு ஆபீஸ் ஒன்றில் குப்பை கொட்டி ரிடையர் ஆனவள். புருஷன் போய்ச் சேர்ந்தாயிற்று. வீட்டில் சண்டை போட ஆளில்லை என்பதால் பால்காரன், கெமிஸ்ட், மாடிப்படி எல்லாரோடும் போடுகிறேன். இந்தக் குடும்பத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு என்ன உரிமை என்று கேட்டால், இவர்கள் வீட்டு மீன் குழம்பு வாசனையை முகர்ந்துகொண்டே என் வீட்டு மோர்க்குழம்பைப் பல வருஷம் சாப்பிட்டிருக்கிறேன். அந்த உரிமை போதும்.

ஜூலையில் ஒரு மத்தியானம் அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தபோது பிலோமி சமையலறையில் சரிந்தாள். மூளையில் ரத்தக்கட்டு. வலது கை, வலது கால் இரண்டும் போயின. பேச்சும் போயிற்று. பேசத்தான் முடியவில்லை என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். மற்றவர்கள் பேசுவதும் அவளுக்குப் புரியாது என்று டாக்டர் சொன்னார். "கையைத் தூக்குங்கள்" என்றால் தூக்கவில்லை. "கண்ணை மூடுங்கள்" என்றால் மூடவில்லை. தமிழில் சொன்னாலும் ஹிந்தியில் சொன்னாலும் அதே பார்வைதான். என்னைப் பார்த்த மாதிரியே சீலிங் ஃபேனையும் பார்த்தாள். முதலில் எனக்கு அழுகை வந்தது. அப்புறம் அதுவும் நின்று போயிற்று. தினம் இரண்டு வேளை போய் உட்கார்ந்துவிட்டு வருவேன், தபால் ஆபீஸில் உட்கார்கிற மாதிரி.

இவர்கள் இருவரும் குருவி பார்க்கிறவர்கள். நானும்தான். என்னைக் கெடுத்ததே இவர்கள்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் சஞ்சய் வனத்துக்கு ஒரு கூட்டம் போகும். குர்காவ் கம்பெனிகளில் வேலை செய்கிற பிள்ளைகள், ஆளை விடப் பெரிய கேமராக்கள், அபினவ் என்று ஒரு பையன் எல்லாருக்கும் முந்தின நாளே செய்தி அனுப்பிவிடுவான். அந்தக் கூட்டத்துக்குக் காது எங்கள் சார்தான். மந்திரி ஆபீஸில் ஸ்டெனோகிராபராக இருந்தவர், காதால் பிழைத்தவர். மழை விட்டு, செப்டம்பர் கடைசியில் இமயமலையிலிருந்து கதிர்க்குருவிகள் இறங்கி வரும். கட்டைவிரல் பருமன்தான் இருக்கும், இலை நிறத்திலேயே இருக்கும், ஒரு நொடி ஓரிடத்தில் நிற்காது. கிரீனிஷ், ஹ்யூம் என்று அவற்றில் வகைகள் உண்டு, கண்ணால் பார்த்து இது இன்னது என்று பிரிப்பது கஷ்டம். சத்தத்தை வைத்துத்தான் சொல்ல வேண்டும். சார் நின்று, தலையைச் சாய்த்து, "ஹ்யூம். அந்தக் கீகர் மரத்துல" என்பார். அங்கே இருக்கும்.

அப்போதெல்லாம் பிலோமி அவருடைய வலது கையைப் பிடித்துக்கொண்டே நடப்பாள். புடவையும் ஸ்போர்ட்ஸ் ஷூவுமாக. இந்த வயசிலும் கையை விடமாட்டேன் என்கிறார்களே என்று பிள்ளைகள் போட்டோ எடுப்பார்கள். நானும் உள்ளூரக் கொஞ்சம் பொறாமைப்பட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். போன குளிர்காலத்தில் மொட்டை மாடி வெயிலில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தபோது அவளே விஷயத்தைப் போட்டு உடைத்தாள்.

"மாமி, யார்ட்டயும் சொல்லிராதீங்க. அவருக்குக் கேக்காது."

"என்ன கேக்காது? நன்னாத்தானே பேசறார்."

"பேச்சு கேக்கும், கார் ஹாரன் கேக்கும், சிட்டுக்குருவி கத்துறது கூட கேக்கும். இந்த மெல்லிசு சத்தம் இருக்குல்ல, அது ரிடையர் ஆகுற சமயமே போயிருச்சு. மெஷின் வாங்கி மாட்டினோம். எல பூரா பிளாஸ்டிக் பை மாதிரி சலசலங்குதுன்னு கழட்டி எறிஞ்சிட்டாரு. அதான், நான் கேட்டு அவரு கையில தட்டுவேன். கிரீனிஷுக்கு ஒரு தட்டு. ஹ்யூமுக்கு ரெண்டு. எந்தப் பக்கமோ அந்தப் பக்கமா கைய லேசா இழுப்பேன்."

"அடிப்பாவி. அப்போ சிட்டுக்குருவிக்கு?"

"அதுக்கு உள்ளங்கைய அப்பிடியே பரப்பி வச்சிருவேன். வெறும் சிட்டு, திரும்பாதீங்கன்னு அர்த்தம். இல்லன்னா கீச்சுமூச்சுன்னு எது கத்தினாலும் பெரிய பண்டிதர் மாதிரி திரும்பிருவாரு மாமி, மானம் போயிரும்."

சிரித்துச் சிரித்துப் பட்டாணியை மாடி முழுக்கக் கொட்டினாள். அந்தச் சிரிப்பு எனக்கு இப்போதும் கேட்கிறது. அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது.

அக்டோபர் வந்தது. தெருமுனையில் ஏழிலைப்பாலை பூத்து வாசனையாலேயே தலையை வலிக்கச் செய்தது. பார்க்கில் ராம்லீலா ஒத்திகைக்கு மைக் கட்டினார்கள். ஒரு சாயந்திரம் சார் என் கதவைத் தட்டினார்.

"மேடம், ஒரு நிமிஷம் வர்றீங்களா. ஒண்ணும் பேசாம வந்து உக்காருங்க."

போனேன். பிலோமி ஜன்னல் பக்கம் முகம் வைத்துப் படுத்திருந்தாள். அந்த ஜன்னலை உரசிக்கொண்டு ஒரு வேப்பமரம் நிற்கிறது. அவளுடைய இடது கைக்குக் கீழே சார் தன் கையைக் கொடுத்து உட்கார்ந்தார்.

"தட்டுறா மேடம்."

"யாரு?"

"பிலோமிதான். ரெண்டு ரெண்டா. ஒரு வாரமா. பிசியோதெரபி மேடம் பாத்துட்டு ஸ்பாஸம்னுட்டாங்க, தசை தானா துடிக்குமாம். நான் கேட்டேன், ஸ்பாஸம்னா ஆகஸ்ட்டுல ஏன் வரல? குருவி எறங்குற நேரத்துலதான் வரணுமான்னு. அவங்க என்னைப் பாவமா பாத்துட்டுப் போயிட்டாங்க."

அவர் குரலில் ஆவல் எதுவும் இல்லை. கரண்டு பில் வந்துவிட்டது என்கிற மாதிரிதான் சொன்னார். மூன்று மாதமாக அவர் எல்லாவற்றையும் அந்தக் குரலில்தான் சொல்கிறார்.

நான் ஜன்னலில் காதை வைத்தேன். சிட்டுக்குருவிகள் அடைய வந்து ஒன்றோடொன்று அடித்துக்கொண்டிருந்தன. அதற்கு மேல் ராம்லீலா மைக். கதிர்க்குருவிச் சத்தம் எதுவும் என் காதில் விழவில்லை. இந்த வருஷமே அவை குறைவுதான் என்று நான் வாட்ஸ்அப் குழுவில் எழுதியிருந்தேன். "நோ ஆன்ட்டி, இந்த சீசன் பம்பர்" என்று அபினவ் பதில் போட்டான். சின்னப் பிள்ளைகளுக்கு எல்லாமே பம்பர்தான் என்று விட்டுவிட்டேன். போனில் குருவிச் சத்தத்தைக் கண்டுபிடிக்கிற ஆப் ஒன்று இருக்கிறது. அதையும் வைத்துப் பார்த்தோம். அது எங்கள் பிளாக் தண்ணீர் மோட்டாரையே ஆந்தை என்றது.

"காலம்பற அமைதியா இருக்கறச்சே ஒருநாள் பாக்கலாம் சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதற்குள் ஒரு விபத்து நடந்தது. பிலோமியைக் கட்டிலிலிருந்து கமோடு நாற்காலிக்கு மாற்றும்போது சாருக்கு முதுகு பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் தரையில் விழுந்தார்கள். சத்தம் கேட்டு நான் ஓடினேன். அவள் மேலே விழாமல் இருக்க அவர் அடியில் விழுந்திருந்தார். எழ முடியவில்லை. அவள் அவருடைய மார்பில் தலை வைத்து ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழ் வீட்டு சர்தார்ஜியும் நானும் தூக்கினோம். மறுநாள் ஹைதராபாத்திலிருந்து அவர்களுடைய மகள் ஜெனி வந்து இறங்கினாள்.

ஜெனி நல்ல பெண். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி அவள் பேசுவதைக் கேட்டால் உங்களுக்குக் கோபம் வரும். மோதி பாக் குவார்ட்டர்ஸில் பிறந்து, அங்கே தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்து, அப்புறம் இங்கிலீஷுக்கு மாறியவள். கணினிக் கம்பெனியில் வேலை. வீட்டில் நடை பழகுகிற குழந்தையைப் புருஷனிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். வந்த அன்றே பாத்ரூமைத் தேய்த்துக் கழுவினாள், அம்மாவின் நைட்டிகளை எல்லாம் டெட்டாலில் ஊறப்போட்டாள். சரியாகச் சாப்பிடவில்லை. நாலாம் நாள் நான் ரசம் சாதம் கொண்டுபோனபோது சமையலறை மேடையில் சாய்ந்து நின்றபடி போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆன்ட்டி, நீங்களாவது டாடிக்குச் சொல்லுங்க. நான் சொன்னா நான் வில்லன்."

"என்னடிம்மா சொல்லணும்?"

"திருச்சி பக்கத்துல சிஸ்டர்ஸ் நடத்தற ஹோம் ஒண்ணு இருக்கு. ஸ்ட்ரோக் பேஷன்ட்ஸுக்குன்னே. ஒரு பெட் காலி இருக்கு. நாளைக்குள்ள சொல்லணும். இல்லன்னா வேற யாருக்காவது கொடுத்துடுவாங்க."

சார் ஹாலில் துணி மடித்துக்கொண்டிருந்தார். அங்கிருந்தே பேசினார்.

"அது பொம்பளைங்க ஹோம் பாப்பா. ஆம்பளைங்க தங்கக்கூடாது. ஞாயித்துக்கிழம வந்து பாத்துட்டுப் போலாம், அவ்ளோதான்."

"தெரியும் டாடி. நீங்க என்கூட வந்து இருங்க. மாசம் ஒரு தடவை போய்ப் பார்க்கலாம்."

"நான் இங்க செய்யிறதுல ஏதாச்சும் குறை இருக்கா?"

"குறை இல்ல. அதான் பிராப்ளம். நீங்க விழுந்தீங்களே, க்யா ஹோதா, என்ன ஆயிருக்கும்? தலை அடிபட்டிருந்தா? ரெண்டு பேரும் ராத்திரி பூரா கீழே கிடந்திருப்பீங்க."

"ஹம்சா மேடம் இருந்தாங்கல்ல."

"ஆன்ட்டிக்கு என்ன வயசு டாடி."

அது எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. ஆனால் அவள் சொன்னது நிஜம்தானே.

சார் ஒரு நைட்டியை மடித்து, பிரித்து, திரும்ப மடித்தார். "அவ தட்டுறா பாப்பா" என்றார். "ஹ்யூம் வந்துருக்கு. ரெண்டு தட்டு. கிரீனிஷ்தான் நம்ம தெக்க போயிரும். இது போகாது. குளிர் முடியிற வரைக்கும் இங்கயே தங்கும்."

"டாடி, நான் என்ன பேசறேன், நீங்க என்ன பேசறீங்க." ஜெனி கத்தவில்லை. மேடையில் இருந்த டம்ளரை எடுத்துக் காலியான இன்னொரு டம்ளருக்குள் வைத்தாள். "நான் வந்ததும் மம்மி என்னைப் பார்த்தாங்க ஆன்ட்டி. அப்புறம் ஃபேனைப் பார்த்தாங்க. ஸேம் லுக். நான் நாலு நாள் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துட்டேன். மம்மிக்கு நாம இருக்கோம்னு துளியாவது தெரிஞ்சா, சத்தியமா சொல்றேன், லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு பேபியோட இங்கயே வந்துடுவேன். ஆபீஸ்ல சண்டை போட்டுக்கறேன். தெரியலன்னா, அவங்களுக்கு டெல்லி என்ன திருச்சி என்ன? டாடி மட்டும் எதுக்குச் சாகணும்?"

உள்ளே பிலோமி இருமினாள். சார் போய்த் தலையை உயர்த்தி வைத்துவிட்டு வந்தார்.

இந்த மாதிரி நேரத்தில் எனக்கு வாய் சும்மா இருக்காது. "ஜெனி, பெட் வேணும் வேண்டாம்னு நாளைக்குத்தானே சொல்லணும்? காலம்பற மைக்கெல்லாம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நான் வரேன். ஜன்னல்கிட்ட நிக்கறேன். எனக்குக் குருவி தெரியும். அது கத்தினா கையைத் தூக்கறேன். சார் பிலோமி கையைப் பிடிச்சுண்டிருக்கட்டும். அவ தட்டினா அவர் சொல்லட்டும். ரெண்டும் சேர்ந்து வரதா இல்லையான்னு நீயே பாரு. வந்தா அவ இருக்கா. வரலேன்னா சார் நீங்க பேசாம இருக்கணும்."

சார் என்னைப் பார்த்தார். "சரி" என்றார். ஜெனியும் சரி என்றாள்.

போகும்போது சார், பிலோமிக்கு லேசாக உடம்பு சுடுகிறது, வீட்டிலிருக்கிற டிஜிட்டல் தெர்மாமீட்டரில் பேட்டரி தீரப்போகிறது போலிருக்கிறது, எவ்வளவு நேரம் வைத்தாலும் சத்தமே வரவில்லை, வேறு இருந்தால் கொண்டு வாருங்கள் என்றார். என்னிடம் இருந்ததும் அப்படித்தான். மார்க்கெட்டுக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கினேன். "இதுவாவது கத்துமா பையா?" என்று கெமிஸ்டிடம் கேட்டேன். "ஏக்தம் ஜோர்ஸே, மாதாஜி" என்றான், பலமாகவே கத்துமாம்.

காலையில் பனி இறங்கி ஜன்னல் கம்பியெல்லாம் ஈரமாக இருந்தது. சார் பிலோமிக்கு முகம் துடைத்து, தலை சீவி, சுத்தமான நைட்டி போட்டிருந்தார். பரீட்சைக்குக் குழந்தையைக் கிளப்புகிற மாதிரி. எனக்கு அதைப் பார்க்க என்னவோ போலிருந்தது. அவர் கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்து அவள் கைக்குக் கீழே தன் கையை வைத்தார். ஜெனி எங்கள் இரண்டு பேரையும் பார்க்கத் தோதாக அலமாரிப் பக்கம் நின்றாள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஜன்னலில் நின்றேன்.

மரத்தில் காக்கை ஒன்று இருந்தது. கிளிகள் பறந்து போயின. கீழே யாரோ ஸ்கூட்டரை உதைத்தார்கள். நாலைந்து சிட்டுகள். அவ்வளவுதான்.

"ரெண்டு" என்றார் சார்.

நான் கையைத் தூக்கவில்லை. தூக்குவதற்கு அங்கே எதுவும் கேட்கவில்லை.

"ரெண்டு" என்றார் மறுபடி. கொஞ்ச நேரம் கழித்து, "ரெண்டு."

நான் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டேன். ஏதாவது கேட்டுவிடாதா என்று வேண்டிக்கொண்டேன் என்றே சொல்கிறேன். ஒன்று தோன்றியது, சும்மாவே கையைத் தூக்கினால் என்ன. தூக்கியிருப்பேன். ஆனால் ஜெனி என்னைப் பார்த்துக்கொண்டிருந்த பார்வையில் அந்தப் பொய் நிற்காது. பொய்யை நம்பி அவள் வேலையையும் வீட்டையும் தூக்கிக்கொண்டு வருவாள், அதற்கப்புறம்? கை கம்பியிலேயே இருந்தது.

சார் இன்னும் இரண்டு முறை சொன்னார். அப்புறம் சொல்லவில்லை. பிலோமியின் விரல் அசைந்துகொண்டிருப்பதை நான் இங்கிருந்தே பார்த்தேன். அவர் அதைச் சொல்வதை நிறுத்திவிட்டார்.

"ஒண்ணும் கேக்கலை சார்" என்றேன்.

"அச்சா" என்றார் அவர். எழுந்து சமையலறைக்குப் போனார். கேழ்வரகு மாவைத் தண்ணீரில் கரைக்கிற சத்தம் வந்தது. ஜெனி அலமாரியைத் திறந்து அம்மாவின் துணிகளை எடுத்து ஒரு பைக்குள் அடுக்க ஆரம்பித்தாள். அவள் முகத்தில் வெற்றி கிற்றி ஒன்றும் இல்லை. யாரும் அழவும் இல்லை. எனக்கு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

வாங்கி வந்த தெர்மாமீட்டர் ஞாபகம் வந்தது. வந்ததற்கு அந்த வேலையையாவது செய்வோம் என்று அதை எடுத்துப் பிலோமியின் கக்கத்தில் வைத்துக் கையை அணைத்துப் பிடித்துக்கொண்டேன். அவளுடைய தோள் எலும்பு என் உள்ளங்கையில் குத்தியது. காத்திருந்தேன். சார் அடுப்பைப் பற்ற வைத்தார், கூழ் கிண்டினார். நான் இன்னும் காத்திருந்தேன்.

"திருட்டுப் பய" என்றேன். "இதுவும் கத்தலை பாரு. புதுசுன்னு கொடுத்து ஏமாத்திட்டான்."

ஜெனி திரும்பாமலே, "எடுங்க ஆன்ட்டி, எப்பவோ கத்திடுச்சு" என்றாள்.

"எது?"

"தெர்மாமீட்டர். பீப் பீப்னு எவ்வளவு நேரம் அடிச்சுது. நீங்க வேணும்னே வச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்."

நான் அதை எடுத்துப் பார்த்தேன். நம்பர் வந்து நின்றிருந்தது. சார் கரண்டியோடு வாசலில் வந்து நின்றார்.

"அந்தப் பழசு மேசை டிராயர்ல இருக்கு பாப்பா. அத அமுக்கிப் பாரு."

ஜெனி எரிச்சலோடு டிராயரை இழுத்து, பழைய தெர்மாமீட்டரை எடுத்துப் பித்தானை அமுக்கினாள். "இது நல்லாத்தானே இருக்கு. பீப் வருதே" என்றாள். சார் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அந்த அறையில் எங்கள் இரண்டு பேருக்கும் அந்தச் சத்தம் இல்லை.

எனக்குக் காது நன்றாக இருக்கிறது என்று என்னிடம் சொன்னது யார்? யாரும் இல்லை. நானேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். குருவிகள் குறைந்துவிட்டன என்று ஊருக்கெல்லாம் எழுதியவளும் நான்தான்.

"ஜெனி, பையை வை. இங்க வா."

"என்ன ஆன்ட்டி?"

"வாயேன், ஜல்தி. ஜன்னல்கிட்ட. சிட்டு கத்தறதை விட்டுடு. அதுக்கு மேல, ஊசி மாதிரி மெல்லிசா, ரெண்டு துண்டா ஏதாவது கேக்கறதா?"

அவள் வந்து நின்றாள். அதிகம் காத்திருக்கக்கூட இல்லை.

"டிஸ்-வீட். அதுவா?"

"அதேதான். எப்போலேர்ந்து?"

"காலைலேர்ந்தே கத்திட்டுதான் இருக்கு. இங்க வந்த நாள்லேர்ந்தே. நீங்க கை தூக்கல, அதனால அது இல்லன்னு நெனச்சேன். எனக்கு என்ன குருவி தெரியும்? உங்களுக்குத்தானே தெரியும்."

சார் அடுப்பை அணைக்கவில்லை. கரண்டியை அலமாரி மேல் வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து, கையை வேட்டியோரம் துடைத்து, பிலோமியின் இடது கைக்கு அடியில் கொடுத்தார்.

"நீ திரும்பாத பாப்பா" என்றார். "மரத்தப் பாரு. கேட்டா சொல்லு."

ஜெனி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கம்பியைப் பிடித்தாள். எனக்கு எதுவும் கேட்காது என்பதால் நான் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

"இப்போ" என்றாள் ஜெனி.

பிலோமியின் நடுவிரல் எழும்பி இறங்கியது. மறுபடி எழும்பி இறங்கியது.

"ரெண்டு" என்றார் சார்.

கீழே காய்கறி வண்டிக்காரன் கூவிக்கொண்டு போனான். ஜெனி பேசவில்லை. விரலும் சும்மா இருந்தது.

"இப்போ."

"ரெண்டு."

"இப்போ."

"ரெண்டு."

அப்புறம் நெடுநேரம் ஒன்றுமில்லை. தண்ணீர் டேங்கர் ஒன்று பின்பக்கமாக வந்து நின்றது. சமையலறையில் கூழ் அடிப்பிடிக்கிற வாசனை வந்தது, ஒருவரும் எழவில்லை. அந்த நேரம் முழுக்க பிலோமியின் கை அசையவே இல்லை. குருவி பறந்துபோயிருக்க வேண்டும். பிறகு ஜெனியின் தோள் லேசாக நிமிர்ந்தது. அவள் வாயைத் திறந்தாள், ஆனால் சத்தம் வரவில்லை.

"ரெண்டு" என்றார் சார், அவளுக்கும் சேர்த்து.

ஜெனி திரும்பினாள். முகமெல்லாம் நனைந்திருந்தது. மெதுவாக வந்து கட்டிலருகே தரையில் முட்டி போட்டாள். அவள் அப்பா தன் கையை உருவிக்கொண்டார். அந்த இடத்தில் அவள் தன் கையை வைத்தாள். பிலோமி மகளைப் பார்க்கவில்லை. கண் எப்போதும் போல ஃபேனில் இருந்தது.

"மம்மி" என்றாள் ஜெனி.

வெளியே சிட்டுக்குருவிகள் ஒரு கூட்டமாக வேப்பமரத்தில் வந்து இறங்கின. அது எனக்கும் கேட்டது. ஒரே கூச்சல். நாங்கள் மூன்று பேரும் எங்களை அறியாமல் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பினோம்.

"டாடி" என்றாள் ஜெனி. "இங்க பாருங்க. இது என்ன?"

பிலோமியின் ஐந்து விரல்களும் விரிந்து, உள்ளங்கை மகளின் கைமேல் சப்பென்று பரவிக் கிடந்தது.

சார் குனிந்து பார்த்தார். ஜூலைக்கு அப்புறம் அவர் குரல் உடைந்து நான் கேட்டது அப்போதுதான்.

"ஒண்ணுமில்ல பாப்பா. வெறும் சிட்டு. திரும்பாதங்கறா."